குறிப்பேட்டால் உயர்ந்த கொல்லர் மகன்

மின்விளக்கு எரியும் ஒவ்வோர் இல்லத்திலும், கிணற்று நீரை இறைக்கும் மோட்டார் ஓடும் ஒவ்வொரு வயலிலும் ஒரு கொல்லர் மகனின் உழைப்பு நின்று பயன் தருகின்றது. மின்சாரத்தை உண்டாக்கும் டைனமோ, மின்சாரத்தால் சுழலும் மோட்டார், மின்னழுத்தத்தை ஏற்றவும் இறக்கவும் பயன்படும் டிரான்ஸ்பார்மர் ஆகிய மூன்றிற்கும் அடிப்படையான உண்மைகளைக் கண்டறிந்தவர் மைக்கேல் பாரடே என்னும் ஆங்கிலேய அறிஞர். அவர் எந்தக் கல்லூரியிலும் மாணவராக அமர்ந்தவரல்லர், உயர்கணிதம் பயின்றவரல்லர், சிறு வயதிலேயே வயிற்றுப்பாட்டிற்காகக் கடையொன்றில் எடுபிடி வேலைக்குச் சென்றவர்.

அவர் கண்டறிந்தவற்றைப் பள்ளிப் பாடநூல்கள் நமக்குக் கூறுகின்றன. கண்டறியும் ஆற்றலை அவர் எவ்வழியிற் பெற்றார் என்பதை அவை விரித்துரைப்பதில்லை. அவருடைய வாழ்வை ஊன்றி நோக்குவோமாயின், இளமை முதல் முதுமை வரை ஒரே ஒரு பழக்கம் அவரோடு பிரியாது உடன் வந்தமையைக் காண்கிறோம். கேட்டதையும் கண்டதையும் எண்ணியதையும் தம் சொந்தச் சொற்களில் எழுதி, அவற்றை முறைப்படுத்தி வைக்கும் பழக்கமே அது. முதல் தலைமுறையாகக் கல்வி பெறும் நம் இளைஞர்கள் அறிய வேண்டிய வரலாறு இது என்று கருதியே, வெள்ளி விழா மலரில் இதனை எழுதுகின்றோம்.

வறுமையில் தோன்றிய வாழ்வு

1791ஆம் ஆண்டு செப்டம்பர்த் திங்கள் 22ஆம் நாள், இலண்டன் மாநகரையடுத்துத் தென்புறத்தே இருந்த நியூயிங்டன் என்னுமிடத்தில் பாரடே பிறந்தார். தந்தையார் ஜேம்ஸ் பாரடே, இங்கிலாந்தின் வடபகுதியிலிருந்து பிழைப்புத் தேடிக் குடிபெயர்ந்த கொல்லர். நான்கு குழந்தைகளுள் மைக்கேல் மூன்றாமவர். தந்தையார் நோயுற்ற உடலினர். நாள்தோறும் பட்டறைக்குச் சென்று சம்மட்டி பிடிக்க இயலாதவர். 1801ஆம் ஆண்டில் தானிய விலை கடுமையாக உயர்ந்தபோது, சிறுவன் மைக்கேலுக்கு வாரத்திற்கு ஒரு முழு ரொட்டி அளிக்கப்பட்டது என்றும், அதனையே அவன் ஏழு நாள்களுக்கும் பகுத்துண்ண வேண்டியிருந்தது என்றும் அவர்தம் வரலாற்றை எழுதியோர் குறித்துள்ளனர்.

எழுத்து, வாசிப்பு, சிறிதளவு கணக்கு ஆகிய மூன்றே அவருக்குப் பள்ளி தந்த செல்வம். 1804ஆம் ஆண்டில், இலண்டனில் பிளான்ட்போர்டு தெருவில் புத்தகக் கடையும் பைண்டிங் தொழிலும் நடத்திவந்த ஜார்ஜ் ரீபோ என்பவரிடம் எடுபிடிப் பையனாக அவர் சேர்ந்தார். செய்தித்தாள்களை வீடு வீடாகக் கொண்டு சென்று கொடுப்பதும், ஒருவர் படித்து முடித்ததும் அதே தாளை வாங்கி அடுத்தவரிடம் சேர்ப்பதும் அவர் பணி. ஓராண்டு சென்றது. பையனின் நேர்மையையும் சுறுசுறுப்பையும் கண்ட ரீபோ, கட்டணம் ஏதும் பெறாமலே, 1805 அக்டோபரில் அவரைத் தம்மிடம் 7 ஆண்டுகள் பைண்டிங் தொழில் பழக ஏற்றுக்கொண்டார்.

பைண்டிங் கடையே பள்ளியாயிற்று

தைப்பதற்காக வந்த நூல்களைப் பாரடே படிக்கலானார். கலைக்களஞ்சியத்தில் மின்சாரம் பற்றிய கட்டுரை ஒன்று அவர் உள்ளத்தை ஈர்த்தது. ஜேன் மார்செட் என்னும் அம்மையார் உரையாடல் வடிவில் எழுதிய வேதியியல் நூல் அத்துறைக்குரிய வாயிலைத் திறந்துவிட்டது. கையிலிருந்த சில்லறைக் காசுகளைக் கொண்டு எளிய கருவிகளைச் செய்து, நூலிற் கூறப்பட்டவை உண்மையாமோ எனத் தாமே சோதித்துப் பார்த்தார். பைண்டு செய்ய வந்த நூலைப் படித்துவிட்டு உரியவரிடம் திருப்பித் தந்தாக வேண்டும். நூல் கையை விட்டுப் போய்விடும். அதிற் கற்றதைப் போகவிடாமல் வைத்துக்கொள்ள ஒரு வழி தேவைப்பட்டது.

அவ்வழியை அவருக்குக் காட்டியது மற்றொரு நூல். ஐசக் வாட்ஸ் என்னும் சமயப் பெரியார் 1741ஆம் ஆண்டில் வெளியிட்ட, அறிவை வளர்த்துக்கொள்ளும் முறை பற்றிய நூல் அது. படிப்பதோடு நில்லாமல் குறிப்பேடு வைத்துக்கொள்ளுதல், சொற்பொழிவுகளுக்குச் செல்லுதல், நண்பரோடு கடிதம் வழியாகக் கருத்துப் பரிமாறிக்கொள்ளுதல், நேரிற் கண்டு ஆராய்தல், சொற்களை அளந்து ஆளுதல் ஆகியவற்றை வாட்ஸ் வலியுறுத்தியிருந்தார். பாரடே இவற்றை ஒவ்வொன்றாகத் தம் வாழ்வில் மேற்கொண்டார். 1809, 1810ஆம் ஆண்டுகளில் செய்தித்தாள்களிலிருந்தும் இதழ்களிலிருந்தும் அறிவியற் செய்திகளைத் திரட்டி ஒரு குறிப்பேட்டை உருவாக்கினார். பிறருக்காகச் சுமந்து திரிந்த செய்தித்தாள், இப்பொழுது அவருக்கும் பாடநூலாயிற்று.

மூன்று முறை எழுதிய மாணவர்

1810ஆம் ஆண்டில், ஜான் டாட்டம் என்பவர் தம் இல்லத்தில் மாலை வேளைகளில் அறிவியற் சொற்பொழிவுகள் நிகழ்த்திவந்தார். ஒரு சொற்பொழிவிற்குக் கட்டணம் ஒரு ஷில்லிங். தொழில் பழகும் பையனுக்கு அது பெருந்தொகை. தந்தை வழியிலே கொல்லுத் தொழில் செய்துவந்த அண்ணன் இராபர்ட், தம் கூலியிலிருந்து அந்த ஷில்லிங்கைத் தம்பிக்குத் தந்தார். தம்பியின் படிப்பிற்காகத் தம் வியர்வையை விலையாகத் தரும் அண்ணன்மாரும் அக்காமாரும் நம் குடும்பங்களிலும் உளர்; ஆதலின் இச்செய்தியை நாம் எளிதாகக் கடந்துசெல்ல இயலாது.

அண்ணன் தந்த காசு வீணாகாதபடி தம்பி என்ன செய்தார்? சொற்பொழிவு நடைபெறும்போது முதன்மையான சொற்களையும், சோதனைகளின் பெயர்களையும், சுருக்கமான சில தொடர்களையும் மட்டும் விரைந்து குறித்துக்கொண்டார். இல்லம் திரும்பியதும், நினைவு மங்குமுன், அவற்றைச் சற்று விரிவாகவும் தொடர்ச்சியாகவும் தெளிவான கையெழுத்தில் எழுதினார். பின்னர் அவ்விரண்டையும் துணையாகக் கொண்டு சொற்பொழிவு முழுவதையும் தம் நடையில் எழுதி முடித்தார். இங்ஙனம் ஒரே பாடம் அவர் உள்ளத்தின் வழியே மும்முறை பயணம் செய்தது. முதல்முறை செவியிலிருந்து கைக்கு. அடுத்து நினைவிலிருந்து ஏட்டிற்கு. இறுதியில் அறிவிலிருந்து எழுத்திற்கு.

கருவிகளின் படங்களை வரைய வேண்டியிருந்தது. வரையும் முறை தெரியவில்லை. ரீபோவின் இல்லத்தில் தங்கியிருந்த மாஸ்கெரியே என்னும் பிரெஞ்சு ஓவியரிடம் அதனையும் கற்றுக்கொண்டார். டாட்டத்தின் சொற்பொழிவுக் குறிப்புகளைத் தாமே நான்கு தொகுதிகளாக பைண்டு செய்து, தம் முதலாளி ரீபோவுக்குக் காணிக்கையாக்கினார். வயிற்றுக்காகக் கற்ற தொழில் அறிவுக்கும் கை கொடுத்தது.

கதவைத் திறந்த நூல்

ரீபோவின் கடைக்கு வரும் வில்லியம் டான்ஸ் என்பவர் இந்த இளைஞரின் ஆர்வத்தைக் கண்டு மகிழ்ந்தார். 1799ஆம் ஆண்டில் இலண்டனில் தோற்றுவிக்கப்பட்ட இராயல் நிறுவனத்தில் புகழ்பெற்ற வேதியியல் அறிஞர் ஹம்பிரி டேவி சொற்பொழிவாற்றிவந்தார். அவருடைய நான்கு சொற்பொழிவுகளுக்குரிய நுழைவுச் சீட்டுகளை 1812ஆம் ஆண்டில் டான்ஸ் பாரடேக்குப் பெற்றுத் தந்தார். செல்வர்களும் கற்றோரும் நிறைந்த அவ்வரங்கின் மாடத்திலே, கடிகாரத்திற்கு மேலே அமர்ந்து, பாரடே வழக்கம்போற் குறிப்பெடுத்தார். அக்குறிப்புகள் விரிந்து, படங்களோடு 300 பக்கங்களுக்கும் மேற்பட்ட நூலாயின. அதனையும் தம் கையாலேயே பைண்டு செய்தார்.

அவ்வாண்டு அக்டோபரில் தொழில் பழகும் காலம் முடிந்தது. வேறொரு பைண்டிங் முதலாளியிடம் கூலிக்கு அமர்ந்தார், அவரோ கடுஞ்சினத்தவர். எவ்வகையிலேனும் அறிவியற் பணியில் நுழைந்துவிட வேண்டும் என்னும் வேட்கையால், இராயல் கழகத்தின் தலைவராயிருந்த சர் ஜோசப் பேங்க்சுக்கு ஏற்கெனவே ஒரு விண்ணப்பம் எழுதியிருந்தார். விடை ஏதும் கிட்டவில்லை. பெயரற்ற ஏழையின் வெறும் விண்ணப்பத்தை யார் பொருட்படுத்துவர்?

1812 டிசம்பரில் டேவிக்கு எழுதியபோது, பாரடே கடிதத்தை மட்டும் அனுப்பவில்லை. தாம் எழுதிக் கட்டிய குறிப்பு நூலையும் உடன் வைத்தார். இம்முறை விடை வந்தது. டேவி அவரை அழைத்துப் பேசினார். எனினும் அறிவியற் பணியில் வருவாய் குறைவென்றும், பைண்டிங் தொழிலையே தொடர்தல் நலமென்றும் அறிவுரை கூறி அனுப்பினார். சில திங்களில் ஆய்வுக்கூட உதவியாளர் ஒருவர் சண்டையிட்டு வேலை இழந்தார். அந்த இடத்திற்கு டேவியின் நினைவில் எழுந்த பெயர் பாரடே. 1813 மார்ச்சு 1ஆம் நாள், வாரம் 25 ஷில்லிங் ஊதியத்தில், மாடியில் இரண்டு அறைகளோடு அவர் பணியமர்த்தப் பெற்றார். பரிந்துரைக்க உறவினர் இல்லாதவர்க்கு அவர் எழுதிய ஏடே பரிந்துரையாயிற்று.

பயணமும் அவமதிப்பும்

அதே ஆண்டு அக்டோபரில் டேவி தம் துணைவியாருடன் ஐரோப்பியப் பயணம் மேற்கொண்டார். பாரடே ஆய்வுத் துணைவராக உடன் சென்றார். டேவியின் பணியாளர் இறுதி நேரத்தில் வர மறுத்துவிட்டமையால், அப்பணிகளும் பாரடே தலையில் விழுந்தன. டேவியின் துணைவியார் அவரைச் சமமாக நடத்த மறுத்தார். வண்டியின் வெளிப்புறத்தில் அமரச் செய்தார். வேலைக்காரரோடு உண்ணச் செய்தார். மனம் நொந்த பாரடே, பாதியிலேயே இல்லம் திரும்பிவிடலாமா என்று நண்பர் பெஞ்சமின் அபட்டுக்கு எழுதும் நிலைக்கு ஆளானார்.

அந்நாட்டில் நிலவிய வகுப்பு வேற்றுமையும், நம் மக்கள் தலைமுறை தலைமுறையாகத் தாங்கிய சாதிக் கொடுமையும் ஒன்றென நாம் கூறமாட்டோம். பாரடேக்குத் தடையாயிருந்த வாயில் ஒருமுறை திறந்த பின்னர் திறந்தே இருந்தது. நம்மவர்க்கு ஒவ்வொரு வாயிலையும் மீண்டும் மீண்டும் தட்ட வேண்டியிருந்தது. ஆயினும் உடன் அமர்ந்து உண்ணத் தகாதவரென ஒதுக்கப்பட்ட இளைஞரின் நெஞ்சம் எவ்வாறு துடித்திருக்கும் என்பதை நம்மினும் நன்கறிவார் யார்?

அந்த 18 திங்களிலும் அவர் நாட்குறிப்பை நிறுத்தவில்லை. பாரிசில் அயோடினைப் பற்றி டேவி நிகழ்த்திய ஆய்வுகள், பிளாரன்சு நகரில் பெரிய வில்லையினால் கதிரொளியைக் குவித்து வைரத்தை எரித்த சோதனை, வெசூவியசு எரிமலை, மின்கலத்தைக் கண்டறிந்த வோல்ட்டாவை மிலான் நகரில் சந்தித்தது ஆகிய அனைத்தும் அதில் இடம்பெற்றன. 1815 ஏப்ரலில் இலண்டன் திரும்பியபோது, பல்கலைக்கழகம் காணாத அந்த இளைஞரின் பெட்டியில் ஐரோப்பாவின் அறிவியல் உலகமே எழுத்து வடிவில் இருந்தது.

விடை காணாத வினாக்களின் ஏடு

இதுவரை நாம் கண்டவை, பிறர் கூறியதைத் தமதாக்கிக்கொள்ளும் குறிப்புகள். இனி அவர் எழுதத் தொடங்கியவை வேறு வகையின. 1822ஆம் ஆண்டில், வேதியியற் குறிப்புகளும் ஆய்வுக்குரிய கருத்துகளும் அடங்கிய தனி ஏடொன்றை அவர் தொடங்கினார். அதில் விடைகளைவிட வினாக்களே மிகுதி. மனத்தில் தோன்றி மறையும் எண்ணங்களை உடனே அதில் பதிந்தார். வினா ஒன்றிற்கு விடை கிடைத்ததும் அதனைப் பேனாவால் அடித்துவிடுவது அவர் வழக்கம். இத்தகைய குறிப்புகளால் தாம் பெரிதும் பயன் பெற்றிருப்பதாகவும், அறிவியலார் ஒவ்வொருவரும் இவ்வாறு ஓர் ஏட்டைப் பேணுதல் தகும் என்றும் அதன் முகப்பில் குறித்தார்.

அவ்வேட்டில் எழுதப்பட்ட பணிகளுள் ஒன்று, காந்தத்தை மின்சாரமாக மாற்றுதல். மின்சாரம் பாயும் கம்பி காந்த ஊசியை அசைக்கும் என்று 1820ஆம் ஆண்டிலே ஓர்ஸ்டெட் என்னும் டென்மார்க்கு அறிஞர் காட்டியிருந்தார். 1821ஆம் ஆண்டில், மின்சாரத்தால் கம்பி காந்தத்தைச் சுற்றிச் சுழலுமாறு பாரடே செய்துகாட்டினார். அவ்வாறாயின், காந்தத்தால் மின்சாரம் பிறக்க வேண்டுமன்றோ? இதுவே வினா. 1824, 1825, 1828ஆம் ஆண்டுகளில் முயன்றார், தோல்வியுற்றார், தோல்வியையும் எழுதி வைத்தார். வேறு பணிகள் குவிந்தன. குளோரின் வாயுவைத் திரவமாக்கினார். பென்சீன் என்னும் பொருளைப் பிரித்தெடுத்தார். ஒளிக்கருவிகளுக்குரிய கண்ணாடி செய்யும் கடும்பணியில் ஆண்டுகள் பல கழிந்தன. ஏட்டிலிருந்த வினா மட்டும் அடிக்கப்படாமலே காத்திருந்தது.

1831 ஆகஸ்டு 29ஆம் நாள், இரும்பு வளையம் ஒன்றின் இருபுறத்தும் தனித்தனியே கம்பிகளைச் சுற்றி, ஒன்றை மின்கலத்தோடும் மற்றொன்றைக் காந்த ஊசிக்கு அருகே செல்லும் கம்பியோடும் இணைத்தார். மின்னோட்டத்தைத் தொடுத்த நொடியிலும் துண்டித்த நொடியிலும் ஊசி அசைந்தது. அவ்வளையத்தின் படத்தை அன்றே குறிப்பேட்டில் வரைந்தார். அக்டோபர் 17ஆம் நாள், கம்பிச் சுருளுக்குள் காந்தத்தைச் செலுத்தியும் வெளியே இழுத்தும் மின்சாரம் தோன்றக் கண்டார். ஒன்பது ஆண்டுகள் காத்திருந்த வினா விடை பெற்றது. உலகம் மின்யுகத்தின் வாயிலில் நின்றது.

எண்ணிட்ட பத்திகள்

குறிப்புகள் பெருகப் பெருக ஓர் இடர் தோன்றும். எழுதியது எங்கேயுள்ளது என்று தேடுவதிலேயே காலம் கழியும். பாரடே இதற்கு எளிய வழியைக் கையாண்டார். 1832ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்கள் தொடங்கி, ஆய்வுக்கூடக் குறிப்பேட்டின் ஒவ்வொரு பத்திக்கும் தொடர் எண் இட்டார். ஆண்டு மாறினும், பொருள் மாறினும், ஏடு மாறினும் எண் மட்டும் தொடர்ந்தது. ஏறத்தாழ 30 ஆண்டுகளில் அது 16,041 வரை சென்றது. நாளும் திங்களும் தவறாது குறிக்கப்பட்டன.

இந்த எண்களால் விளைந்த நன்மை பெரிது. ஒரு பத்தியை எழுதும்போது, அதனோடு தொடர்புடைய முந்திய பத்தியின் எண்ணை மட்டும் சுட்டினால் போதும். பல ஆண்டுகள் இடைவெளியுள்ள இரு சோதனைகள் ஒரே வரியில் கைகோத்துக்கொள்ளும். மின்னியல் ஆய்வுகள் பற்றி அவர் 1839, 1844, 1855ஆம் ஆண்டுகளில் வெளியிட்ட மூன்று தொகுதிகளும் இவ்வாறே பத்தி எண்களோடு அமைந்தன. அவற்றிலே கணிதச் சமன்பாடுகளைக் காணல் அரிது. எனினும் கணித மேதை ஜேம்ஸ் கிளார்க் மாக்சுவெல் அவற்றை முற்றக் கற்று, பாரடே கண்ட விசைக்கோடுகளைக் கணித மொழியில் வடித்தார். வானொலிக்கு அடிப்படையான கொள்கை அவ்வழியே பிறந்தது.

நாள் குறித்தல் பாதுகாப்புமாகும். 1821ஆம் ஆண்டின் சுழற்சி ஆய்வு வெளிவந்தபோது, வொல்லாஸ்டன் என்னும் மூத்த அறிஞரின் கருத்தைப் பாரடே எடுத்துக்கொண்டார் என்னும் பழி எழுந்தது. குலப்பெருமையோ பட்டமோ இல்லாதவர் மீது இத்தகைய ஐயம் எளிதிற் படியும். அக்கசப்பைச் சுவைத்தவர், 1832 மார்ச்சு 12ஆம் நாள், காந்த விசை அலைபோற் பரவக்கூடும் என்னும் தம் கருத்தை எழுதி, முத்திரையிட்டு, நாள் குறித்து இராயல் கழகத்திடம் ஒப்படைத்தார். அம்மடல் நூறாண்டுகளுக்கு மேல் திறக்கப்படாமல் இருந்தது. பிற்கால அறிவியல் அக்கருத்தின் ஆழத்தை மெய்ப்பித்தது.

நினைவு தளர்ந்தபோது

ஓய்வறியா உழைப்பு உடலைத் தாக்கியது. 1839, 1840ஆம் ஆண்டுகளில் பாரடே கடுமையாக நலிவுற்றார். தலைச்சுற்றலும் மறதியும் அவரை வாட்டின. 1841ஆம் ஆண்டில் ஓய்வுக்காகச் சுவிட்சர்லாந்து சென்றார். அங்கும் நாட்குறிப்பு எழுதினார். இன்டர்லாகன் என்னும் ஊரில் ஆணி அடிக்கும் தொழிலாளரைக் கண்டு மகிழ்ந்தவர், கொல்லுப்பட்டறையின்பால் தமக்குள்ள அன்பையும், தம் தந்தை கொல்லராயிருந்தமையையும் அதில் குறித்தார். ஐரோப்பாவே போற்றிய அறிஞர், தாம் பிறந்த பட்டறையை மறைக்க முயலவில்லை என்பதை நாம் நெஞ்சில் நிறுத்த வேண்டும்.

மறதி முற்றிலும் நீங்கவில்லை. ஒருமுறை ஆறு வாரங்கள் உழைத்துச் சில முடிவுகளை எட்டினார். கட்டுரையாக எழுதக் குறிப்பேட்டைப் புரட்டியபோது, அதே முடிவுகளைச் சில திங்களுக்கு முன்னரே தாம் கண்டு எழுதி வைத்திருந்தது தெரியவந்தது. எத்துணைத் துயரம்! ஆயினும் அதனைக் கண்டுசொன்னதும் அவருடைய குறிப்பேடே. மூளை மறந்ததைக் காகிதம் மறக்கவில்லை.

இந்நிலையிலும் அவர் கண்டறிந்தவை வியப்புக்குரியன. மின்சாரத்திற்கும் ஒளிக்கும் உறவுண்டா என்று 1822ஆம் ஆண்டிலேயே சோதித்துத் தோற்றிருந்தார். பின்னர் மீண்டும் முயன்றும் பயனில்லை. 1845 செப்டம்பர் 13ஆம் நாள், முன்னர்த் தாமே செய்து வைத்திருந்த கனமான கண்ணாடித் துண்டொன்றைக் காந்தத்தின் அருகே வைத்து, அதனூடே ஒளியைச் செலுத்தினார். ஒளியின் அதிர்வுத் தளம் திரும்பியது. காந்தத்திற்கும் ஒளிக்கும் தொடர்புண்டென்பது முதன்முதலாக மெய்ப்பிக்கப்பட்டது. 23 ஆண்டுகட்கு முந்திய தோல்வியும், வேறு பணிக்கெனச் செய்த கண்ணாடியும் ஒன்றுகூடியதால் விளைந்த வெற்றி இது.

தோல்வியும் சொத்தாகும்

1862 மார்ச்சு 12ஆம் நாள் தம் இறுதிச் சோதனையைப் பாரடே நிகழ்த்தினார். ஒளிரும் சுடரிலிருந்து வரும் நிறமாலைக் கோடுகளைக் காந்தம் மாற்றுமா என்பது வினா. மாற்றம் ஏதும் தெரியவில்லை. வெறுங்கையோடு முடிந்த அச்சோதனையையும் பதிவு செய்தார். பல ஆண்டுகள் கழித்து, நெதர்லாந்து நாட்டு இளைஞர் பீட்டர் சீமன், பாரடே இவ்வாறு முயன்றார் என்னும் செய்தியைப் படித்தார். அத்தகைய அறிஞர் முயலத் தக்கதெனக் கருதியதை, மேலும் நுண்ணிய கருவிகொண்டு மீண்டும் முயலலாம் எனத் துணிந்தார். 1896ஆம் ஆண்டில் வெற்றி கண்டார். 1902ஆம் ஆண்டில் நோபல் பரிசும் பெற்றார். எழுதப்பட்ட தோல்வி, அடுத்த தலைமுறைக்கு விதைநெல்லாயிற்று.

அரசு அளிக்கவிருந்த சர் பட்டத்தையும், இராயல் கழகத்தின் தலைமைப் பதவியையும் வேண்டாவென மறுத்த பாரடே, 1867 ஆகஸ்டு 25ஆம் நாள் இயற்கை எய்தினார். அவருடைய ஆய்வுக்கூடக் குறிப்பேடுகள் இராயல் நிறுவனத்திற்கு உரியவாயின. 1932 முதல் 1936 வரை 7 தொகுதிகளாக அச்சேறின.

நமக்குரிய பாடம்

நம் மாணவரிடையே நோட்ஸ் என்னும் சொல் வழங்குகின்றது. பெரும்பாலும் அது கடையில் விற்கும் விடைநூலையோ, பிறர் எழுதியதன் ஜெராக்ஸ் படியையோ குறிக்கின்றது. இக்காலத்தில் கரும்பலகையைக் கைப்பேசியிற் படமெடுத்து வைத்துக்கொள்வோரும் உளர். அவை தேர்வு நாள் வரை துணை செய்யலாம். ஆனால் அவற்றில் நம் சிந்தனை ஒரு துளியும் கலக்கவில்லை. பாரடேயின் ஏடோ அவர் உள்ளமே நடந்து சென்ற தடம்.

அம்முறையைப் பின்பற்றப் பெரும்பொருள் வேண்டுவதில்லை. வகுப்பில் கேட்பனவற்றை முதன்மைச் சொற்களாகக் குறித்துக்கொள்ளுங்கள். அன்றிரவே அவற்றை உங்கள் நடையில் விரித்தெழுதுங்கள். ஒவ்வொரு குறிப்பிற்கும் நாளும் தொடர் எண்ணும் இடுங்கள். புதியதை எழுதுகையில் பழைய எண்ணைச் சுட்டுங்கள். விளங்காதவற்றிற்கெனத் தனியே ஓர் ஏடு வைத்து, விடை கண்ட நாளில் வினாவை அடித்துவிடுங்கள். பிழைத்த கணக்கையும் தோற்ற முயற்சியையும் கிழித்தெறியாதீர்கள். திங்களுக்கு ஒருமுறை பழைய ஏடுகளைப் புரட்டிப் பாருங்கள். அன்று புரியாதது இன்று புரிந்திருப்பதைக் காண்பீர்கள்.

பாரடே வாழ்ந்த அதே இலண்டன் மாநகரின் நூலகங்களிலேதான், 1920ஆம் ஆண்டு முதல் அண்ணல் அம்பேத்கர் அரைவயிற்றுணவோடு பயின்றார். அவர் மறைந்த பின்னரும் அச்சேறாது கிடந்த கையெழுத்துப் படிகள் பலவற்றை, மராட்டிய மாநில அரசு 1979ஆம் ஆண்டு முதல் வெளியிட்டுவந்த தொகுதிகளில் உலகம் கண்டது. எழுதி வைத்தவர் மறைந்தாலும் எழுத்து பணியாற்றும் என்பதற்கு இதனினும் சான்று வேண்டா.

நம் முன்னோரிடமிருந்து நிலம் பறிக்கப்பட்டது, ஏடு மறுக்கப்பட்டது. அவர்கள் கண்ட உண்மைகளும் உற்ற துயரங்களும் எழுதப்படாமலே மண்ணோடு மறைந்தன. இன்று எழுத்து நம் கையில் உள்ளது. கல்விச் சங்கத்தின் வெள்ளி விழாவை நாம் கொண்டாடும் இவ்வேளையில், ஒவ்வோர் இளைஞரும் ஓர் ஏட்டை வாங்கி, அதன் முதற்பக்கத்தில் இன்றைய நாளையும் 1 என்னும் எண்ணையும் இட்டுத் தொடங்குவாராக. பொன்விழா மலரை எழுதப் போகிறவர்கள் அவர்களே.